வெறுப்புப் பேச்சுக்கு ஆளானால் என்ன செய்வது: புதிதாகக் குடியேறியவர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும்

பேருந்தில் ஒருவர் ‘உன் நாட்டுக்கே திரும்பிப் போ’ என்று கத்திவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுகிறார். நடந்தது பத்து நொடி. மறுநாளிலிருந்து நீங்கள் அந்தப் பேருந்தை விட்டுவிட்டு, அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பிச் சுற்றுவழியில் வகுப்புக்குப் போகிறீர்கள். கொஞ்ச நாளில் மாலை வகுப்பு நிற்கிறது. பிறகு நூலகம். கத்தியவர் அதை அன்றே மறந்திருப்பார். கேட்டவர் தன் நாளையே மாற்றி வைத்திருப்பார். வெறுப்புப் பேச்சால் வரும் சேதத்தில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. அதனால் கீழே உள்ள படிகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன: நடந்ததற்குச் சான்று சேர்ப்பது, உங்கள் அன்றாடம் சுருங்காமல் பார்த்துக்கொள்வது. முதல் வேலையைச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். இரண்டாவதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பாதிப்பு எப்படித் தெரியும்

அழுகையும் கோபமும் வந்தால் அடையாளம் கண்டுகொள்வது எளிது. பெரும்பாலும் அவை வருவதில்லை. ‘எனக்கு ஒன்றுமில்லை, இதெல்லாம் சகஜம்’ என்று சொல்லிக்கொண்டே சில பழக்கங்கள் மாறிவிடும். அறைக்குள் நுழைந்ததும் தன்னைப் போன்றவர் யாராவது இருக்கிறார்களா என்று கண் தேடும். பொது இடத்தில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கத் தயக்கம் வரும், எடுத்தாலும் தாய்மொழியில் பேசக் குரல் தாழும். பெயரைச் சுருக்கிச் சொல்லத் தோன்றும். குழுவாகச் செய்யும் வேலையில் ‘நான் எழுதித் தருகிறேன், மேடையில் நீங்கள் பேசுங்கள்’ என்று ஒதுங்குவது வழக்கமாகும். இரவில் தூங்குவதற்கு முன், குடியேறியவர்களைப் பற்றிய செய்திகளுக்குக் கீழே வந்திருக்கும் கருத்துகளைத் தேடித் தேடிப் படிப்பதும் இந்த வகைதான். அதைப் படித்தால் எச்சரிக்கையாக இருக்கலாம் என்று தோன்றும். உண்மையில் அது தூக்கத்தை மட்டும்தான் கெடுக்கிறது.

படிப்பின் மீதும் இதன் கை நீளும். 1995இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘இந்தத் தேர்வு உங்கள் அறிவுத்திறனை அளக்கிறது’ என்று சொல்லிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர்கள் அதே வினாத்தாளில் வெள்ளையின மாணவர்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். அப்படிச் சொல்லாமல் கொடுத்தபோது அந்த இடைவெளி குறைந்தது. இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னாளில் விவாதம் எழுந்தது. ஆனாலும் ‘நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ’ என்ற கணக்கை மனம் ஒரு பக்கம் போட்டுக்கொண்டிருந்தால் வினாவுக்கு மிஞ்சும் கவனம் குறையும் என்பது தேர்வு எழுதிய எவருக்கும் புரியும்.

இன்னொன்று பலரைக் குழப்புகிறது. மொழியும் ஊரும் பழகப் பழக இந்த வேதனை குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பல நேரம் கூடுகிறது. வந்த புதிதில் புரியாமல் போன கிண்டல் இரண்டாம் ஆண்டில் நன்றாகப் புரியும். நன்றாகப் படித்து, உள்ளூர் மொழியைச் சரளமாகப் பேசும் குடியேறிகள்தான் பாகுபாட்டை அதிகம் உணர்வதாகச் சொல்கிறார்கள் என்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே இரண்டாம் ஆண்டில் மனம் கனத்தால் நீங்கள் பலவீனமாகிவிட்டீர்கள் என்று எண்ண வேண்டாம்.

எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ‘இனவெறி’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் எங்கே போய்ச் சொல்வது என்பது தெளிவாகாது. புகாரைப் பெறுபவரும் அதையே சாக்காக வைத்துக் கைவிரிப்பார். நடந்தது கீழ்க்கண்டவற்றில் எது என்று பாருங்கள்.

ஒன்று, பொதுவெளியில் ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லப்படும் இழிவான கருத்து. சுவரொட்டி, மேடைப் பேச்சு, சமூக வலைத்தளப் பதிவு ஆகியவை இதில் அடங்கும். உங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாது. நாட்டைப் பொறுத்து இது குற்றமாகலாம், ஆகாமலும் போகலாம்.

இரண்டு, உங்களையே குறிவைத்த தொந்தரவு. வகுப்பில், வேலையிடத்தில், குடியிருப்பில் திரும்பத் திரும்ப நடப்பது. போலீஸ் கண்ணோட்டத்தில் இது குற்றமாக இல்லாவிட்டாலும் நிறுவனத்தின் விதிகளை மீறியதாக இருக்கும். புகார் கொடுத்துப் பலன் பெறும் வழி இங்கே உண்டு. ஆனால் பெரும்பாலானோர் இதைப் புகாராகக் கொடுப்பதே இல்லை.

மூன்று, மிரட்டல், தாக்குதல், பொருள் சேதம், வன்முறைக்குத் தூண்டுதல். இது போலீஸ் வேலை.

நான்காவதாக ஒன்றும் உண்டு: வெறும் மரியாதைக் குறைவு. எரிச்சலான கடைக்காரர் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார். இதை மற்றவற்றோடு கலக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் குறித்து மட்டும் வையுங்கள். அதே ஆள் மறுபடி செய்தால் விடை கிடைத்துவிடும்.

முதல் வகை எப்போது குற்றமாகிறது என்பதை எடைபோட, ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் 2012இல் உருவான ரபாத் செயல்திட்டம் ஆறு கேள்விகளை முன்வைக்கிறது. எந்தச் சூழலில் பேசப்பட்டது, பேசியவரின் செல்வாக்கு என்ன, நோக்கம் என்ன, சொன்ன விதமும் பொருளும் என்ன, எத்தனை பேரைச் சென்றடைந்தது, அதனால் தீங்கு விளையும் வாய்ப்பு எவ்வளவு. புகார் எழுதும்போது இந்த ஆறுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதினாலே அது மற்ற புகார்களைவிடத் தெளிவாக நிற்கும்.

அந்த நேரத்தில்

முதலில் இடைவெளி. பதில் சொல்லி வெல்ல வேண்டிய இடம் அதுவல்ல. பேருந்தில் என்றால் ஓட்டுநருக்கு அருகே, தெருவில் என்றால் வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்கு நகருங்கள். ஒருவர் பின்தொடர்ந்தால் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள், முகவரி தெரிந்துவிடும். ஆபத்து என்று தோன்றினால் அவசர எண்ணை அழையுங்கள்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. மொழி திணறினால் நகரத்தின் பெயர், தெரு, ‘போலீஸ்’ என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். பிறகு உங்கள் மொழியின் பெயரைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி பல இடங்களில் உண்டு.

உதவி கேட்கும்போது ‘யாராவது உதவுங்கள்’ என்று பொதுவாகக் கூப்பிட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்ப்பார்கள். ஒருவரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: ‘நீல நிறச் சட்டை போட்டவரே, என் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.’ போவதற்கு முன் அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சாட்சியைப் பிறகு தேடிப் பிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

கைபேசியில் பதிவு செய்யலாமா? நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஜெர்மனியில் தனிப்பட்ட உரையாடலை அனுமதியின்றி ஒலிப்பதிவு செய்வது குற்றவியல் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. கலிபோர்னியா உள்ளிட்ட சில அமெரிக்க மாநிலங்களில் இரகசிய உரையாடலுக்கு எல்லாத் தரப்பின் ஒப்புதலும் வேண்டும். நடுத்தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி கத்துவதைப் பதிவது வேறு, பேராசிரியரின் அறையில் கைபேசியை ஒளித்து வைத்துப் பதிவது வேறு. இரண்டாவதைச் சட்ட ஆலோசனை இல்லாமல் செய்ய வேண்டாம். எங்கும் பாதுகாப்பான மாற்று ஒன்று உண்டு: வெளியே வந்தவுடன் எழுதுவது.

அன்றே எழுதி வையுங்கள்

நினைவு ஓரிரு நாளில் மழுங்கும். சொற்கள் மாறும், நேரம் குழம்பும். எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வது அந்தச் சின்ன முரண்களைத்தான். அன்றிரவு தூங்கும் முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

தேதி, நேரம்: 12 மார்ச், வியாழன், மாலை 5.40.
இடம்: 14ஆம் எண் பேருந்து, ரயில் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் நோக்கி. பின்கதவை ஒட்டிய இருக்கை.
சொன்னது: (அவர் பேசிய மொழியிலேயே, ஒரு சொல்லும் மாற்றாமல்.) மூன்று முறை சொன்னார். கடைசி முறை விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
யார்: சுமார் 50 வயது ஆண், சாம்பல் நிறக் கோட், சிவப்புப் பை. பூங்கா நிறுத்தத்தில் இறங்கினார்.
சாட்சி: எதிர் இருக்கைப் பெண், எண் கொடுத்தார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.
நான் செய்தது: பதில் பேசவில்லை. எழுந்து ஓட்டுநர் அருகே நின்றேன்.
பின்விளைவு: இரவு 3 மணி வரை தூக்கமில்லை. மறுநாள் காலை 9 மணி வகுப்புக்குப் போகவில்லை.

மூன்றாவது வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கெட்ட வார்த்தையை எழுதக் கூசி ‘தகாத சொற்களால் திட்டினார்’ என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் வெறுப்பு என்பதற்கான சான்றே பதிவிலிருந்து போய்விடும். மிஞ்சுவது ஒரு சாதாரண வாய்த்தகராறு. வசையை அப்படியே எழுதுங்கள். கடைசி வரியையும் விடாதீர்கள். தவறிய வகுப்பு, தள்ளிப்போன ஒப்படைப்பு, மருத்துவரைப் பார்த்த நாள் எல்லாம் பின்னால் அவகாசம் கேட்கவும் இழப்பீடு கேட்கவும் பயன்படும். எழுதியதை உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டால் எழுதிய நேரத்துக்கும் ஒரு சான்று கிடைக்கும்.

அடிபட்டிருந்தால் அன்றே மருத்துவரிடம் போய், எப்படிக் காயம் ஏற்பட்டது என்பதையும் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கன்றிய இடம் முதல் நாளைவிட இரண்டு மூன்று நாள் கழித்துத் தெளிவாகத் தெரியும். ஆகவே இரண்டு முறை படம் எடுங்கள், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து. கிழிந்த, கறைபட்ட துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கிச் சான்று கெடும்.

கண்காணிப்புக் கேமராப் பதிவு காத்திருக்காது. சில இடங்களில் சில நாளிலேயே, பல இடங்களில் ஒரு மாதத்துக்குள், பழைய காட்சியின் மேல் புதியது பதிவாகிவிடும். பேருந்து நிறுவனத்துக்கோ கட்டட நிர்வாகத்துக்கோ உடனே எழுதுங்கள்: இந்தத் தேதி, இந்த நேரம், இந்த வண்டி, போலீஸ் கேட்கும் வரை அழிக்க வேண்டாம். காட்சியை அவர்கள் உங்களிடம் தராமல் போகலாம். அழியாமல் இருப்பதே போதும்.

இணையத்தில் நடந்தால்

ஆத்திரத்தில் முதலில் செய்வது பிளாக் செய்வது. சான்றை எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் பிளாக் செய்தபின் அந்தக் கணக்கு உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ரிப்போர்ட் செய்தபின் பதிவே நீக்கப்படலாம்.

ஸ்கிரீன்ஷாட்டில் பதிவு மட்டும் தெரிந்தால் போதாது. இணைய முகவரி, தேதியும் நேரமும், எழுதியவரின் கணக்குப் பெயர், மேலே உள்ள மூலப் பதிவு, கீழே உள்ள பதில்கள் எல்லாம் வர வேண்டும். காட்டும் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே அந்தக் கணக்கின் முழு இணைப்பைத் தனியாக எழுதி வையுங்கள். ஓரங்களை வெட்டிய படம் ‘ஜோடித்தது’ என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கும். மறைந்துபோகும் ஸ்டோரி என்றால், கணக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி ஸ்டோரி வரை திரையையே வீடியோவாகப் பதியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் என்றால் வெளியேறும் முன் உரையாடலை ஏற்றுமதி செய்யுங்கள். அனுப்பியவரின் பெயருக்குப் பதில் எண் தெரியும்படி ஒரு படமும் எடுங்கள். நீங்கள் சேமித்து வைத்த பெயர் சான்றாகாது.

பிறகு ரிப்போர்ட். ஐரோப்பிய ஒன்றியத்தில் எண்ணிம (டிஜிட்டல்) சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தளங்கள் தங்கள் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். முடிவு வந்ததிலிருந்து குறைந்தது ஆறு மாதம் வரை அதை எதிர்த்து அங்கேயே முறையிட வழி இருக்க வேண்டும். இந்த முறையீட்டு விதியில் சிறு தளங்களுக்கு விலக்கு உண்டு. ‘விதிமீறல் இல்லை’ என்று முதல் பதில் வந்தவுடன் விட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட் செய்யும்போது ‘வெறுப்பு’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்பதை அழுத்தினால் அது வேறு வரிசையில் போய்ச் சேரும்.

பல்கலைக்கழகத்திலும் வேலையிடத்திலும்

துறையில் நல்லவராகத் தெரியும் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்வது ஆறுதலுக்கு நல்லது. அது புகார் ஆகாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முறைசாராப் பேச்சு, முறையான புகார் என்று இரண்டு பாதைகள் இருக்கும். எதில் நிற்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் விசாரணையும் பதிலளிக்க வேண்டிய காலக்கெடுவும் இரண்டாவதில்தான் வரும். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்ன சந்திப்பு முடிந்த அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

‘இன்று காலை 11 மணிக்குத் தங்களைச் சந்தித்து, ஆய்வகத்தில் என் நாட்டையும் நிறத்தையும் குறிப்பிட்டுத் தொடர்ந்து பேசப்படுவதைப் பற்றிச் சொன்னேன். வரும் வெள்ளிக்குள் அடுத்த நடவடிக்கையைத் தெரிவிப்பதாகச் சொன்னீர்கள். இதை முறையான புகாராக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று நாள்களின் குறிப்புகளை இணைத்துள்ளேன்.’

இவ்வளவு போதும். உணர்ச்சியை விவரிக்கத் தேவையில்லை. கேட்பது என்ன என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். குழு மாற்றம் வேண்டுமா, ஒப்படைப்புக்கு அவகாசம் வேண்டுமா, அந்த ஆளுடன் ஒரே ஆய்வக நேரம் வேண்டாமா? ஒரு நுணுக்கம்: நிர்வாகம் வசதிக்காக உங்களையே வேறு குழுவுக்கு, வேறு அறைக்கு மாற்றப் பார்க்கும். நீங்கள் விரும்பினால் சரி. விரும்பாவிட்டால் ‘மாற வேண்டியவர் அவர்’ என்று எழுத்தில் சொல்லுங்கள்.

பகுதி நேர வேலையிடத்தில் வசவு வாடிக்கையாளரிடமிருந்து வருவதும் உண்டு. அதையும் மேலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். ‘வாடிக்கையாளர் சொன்னதற்கு நான் என்ன செய்ய’ என்பது எல்லா நாட்டிலும் செல்லுபடியாகும் பதில் அல்ல.

போலீஸ் நிலையத்தில்

என்ன நடந்தது என்று சொல்வதோடு, ஏன் இதை வெறுப்பால் நடந்தது என்று நம்புகிறீர்கள் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும். சொன்ன சொற்கள், காட்டிய சின்னம், முன்பு நடந்தவை, மற்றவர்கள் இருக்க உங்களை மட்டும் தேர்ந்தெடுத்த விதம். லண்டனில் இனவெறியர்களால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் வழக்கைப் போலீஸ் விசாரித்த விதத்தை ஆராய்ந்த மக்ஃபர்சன் அறிக்கை 1999இல் ஒரு வரையறையைத் தந்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு சம்பவத்தை இனவெறியாக உணர்ந்தால் அது இனவெறிச் சம்பவம். பிரிட்டனில் வெறுப்புக் குற்றப் பதிவுமுறை இதிலிருந்து வளர்ந்தது. அங்கே ‘ட்ரூ விஷன்’ இணையதளம் வழியாகவும் போலீசுக்குத் தெரிவிக்கலாம்.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ‘இருவருக்கும் வாய்த்தகராறு’ என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். நண்பரை வைத்துச் சமாளிக்க வேண்டாம், அவரே சாட்சியாகவும் இருந்தால் பிறகு சிக்கல் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012/29 எண்ணுள்ள பாதிக்கப்பட்டோர் உரிமை நெறிமுறை, புரிந்த மொழியில் அல்லது மொழி உதவியுடன் புகார் கொடுக்கவும், எழுத்தில் ஒப்புகை பெறவும் வழி செய்கிறது. புகார் எண் இல்லாமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

நாட்டுக்கு நாடு மாறும் எல்லைகள்

வந்திறங்கிய நாட்டின் சட்டத்தைப் பழைய ஊரின் சட்டம்போல நினைத்துக்கொள்வதால் வரும் ஏமாற்றம் பெரிது. அமெரிக்காவில் வெறுப்புப் பேச்சு என்ற காரணத்துக்காக மட்டும் பேச்சைத் தண்டிக்க முடியாது; அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் காக்கிறது. 1969இன் பிராண்டன்பர்க் தீர்ப்பின்படி உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால்தான் தூண்டுதல் குற்றமாகும். உண்மையான மிரட்டல் வேறு கணக்கு. ஆனால் கூட்டாட்சி நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் இனம், நிறம், பூர்வீக நாடு காரணமாகத் தொந்தரவு நடந்து நிறுவனம் கண்டுகொள்ளாவிட்டால், 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பின் கீழ் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்தில் முறையிடலாம். கெடு 180 நாள்.

ஜெர்மனியில் நிலைமை நேர் எதிர். மக்களில் ஒரு பிரிவினர் மீது வெறுப்பைத் தூண்டுவது குற்றவியல் சட்டத்தின் 130ஆம் பிரிவின்படி மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரியது. தனிப்பட்ட அவமதிப்பும் குற்றம்தான். ஆனால் அதற்குப் பாதிக்கப்பட்டவரே, செயலும் செய்தவரும் யார் என்று தெரிந்த மூன்று மாதத்துக்குள், வழக்குத் தொடரக் கோர வேண்டும். அவமதிப்புக்குப் பதிலாக நீங்கள் திட்டினாலும் அதே அவமதிப்புக் குற்றம் உங்கள் மீதும் பாயலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

பிரிட்டனின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன வெறுப்பைத் தூண்டுவது 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தில் குற்றம். அங்கே பல்கலைக்கழகத்தின் உள்விசாரணை முடிந்து அதற்கான கடிதம் கைக்கு வந்தால், மாணவர் புகார்களுக்கான சுயேச்சைத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்கு 12 மாதத்துக்குள் போகலாம். ஆஸ்திரேலியாவில் 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் 18சி பிரிவு, இனம் காரணமாகப் பொதுவில் புண்படுத்துவதையும் அவமதிப்பதையும் சிவில் வழக்காகப் பார்க்கிறது. மனித உரிமை ஆணையத்தில் 24 மாதத்துக்குள் முறையிடுவது நல்லது. அங்கே 2025 பிப்ரவரி முதல் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார். கனடாவில் வெறுப்பைத் தூண்டுவது குற்றவியல் சட்டத்தின் 319ஆம் பிரிவில் வருகிறது. மனித உரிமைப் புகார்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டு கெடு.

கெடுக்கள் மாறும். புகார் கொடுக்கும் அன்று அந்தந்த அமைப்பின் பக்கத்தில் மறுபடி சரிபாருங்கள்.

விசாவைப் பற்றிய பயம்

வாயை அடைப்பதில் முதலிடம் இதற்குத்தான். செல்லுபடியாகும் விசாவில் இருப்பவர், பாதிக்கப்பட்டவராக உண்மையான புகார் கொடுப்பது விசா விதிமீறல் அல்ல. ஆவணம் காலாவதியானவர், அனுமதித்த மணிநேரத்துக்கு மேல் வேலை செய்தவர் நிலைமை வேறு. போலீசுக்குப் போகுமுன் இலவசச் சட்ட உதவி மையத்திலோ குடியேற்ற வழக்குரைஞரிடமோ பேசுங்கள்.

விசாவுக்கு உண்மையான ஆபத்து வேறு வழியில் வருகிறது. பயத்தால் வகுப்புக்குப் போவதில்லை, வருகை குறைகிறது, பாடம் விடுபடுகிறது, பல்கலைக்கழகம் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கிறது. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி பெறாமல் பாடச்சுமையைக் குறைத்தால் மாணவர் தகுதியே போய்விடும். மருத்துவக் காரணத்தைக் காட்டி, அந்தப் படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை, அனுமதியோடு குறைக்கலாம். ஆகவே எங்கிருந்தாலும் வரிசை இது: முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், பிறகு மருத்துவர் சான்று, அதன் பிறகே பாடத்தை விடுவது. இதைத் தலைகீழாகச் செய்தவர்களுக்கு உதவுவது மிகக் கடினம்.

வாழ்க்கை சுருங்காமல் இருக்க

ஒரு தாளை எடுத்து, சம்பவத்துக்கு முன் ஒரு வாரத்தில் எங்கெல்லாம் போனீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்தில் இந்த வாரம். விடுபட்டவற்றில் எது உண்மையிலேயே ஆபத்து, எது ஆபத்து போலத் தோன்றுவது என்று பிரியுங்கள். தாக்கியவர் குடியிருக்கும் தெருவைத் தவிர்ப்பது விவேகம். நூலகத்தை விட்டதற்குக் காரணம் கிடைக்காவிட்டால், அதுதான் முதலில் திரும்பப் பெற வேண்டியது. முதல் வாரம் நண்பரோடு, பகலில், ஒரு மணி நேரம். அடுத்த வாரம் நண்பர் வாசல் வரை. அதன் பிறகு தனியாக. ஒரேயடியாகப் பழைய நிலைக்குத் திரும்ப முயன்று, முடியாமல் போய், ‘என்னால் ஆகாது’ என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமான தவறு.

வெறுப்புக் கருத்துகளைப் படிப்பதைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றுங்கள். சான்று சேகரிக்க வேண்டுமென்றால் பகலில், ஒரு குறித்த நேரத்தில். முடிந்தால் உங்களுக்காக வேறொருவர் படித்து எடுக்கட்டும். போலந்து ஆய்வாளர்கள் 2018இல் காட்டியதுபோல, வெறுப்புப் பேச்சை அடிக்கடி பார்ப்பவர்களுக்கு அது உறைப்பது குறைந்து, அந்தக் கூட்டத்தார் மீதான முன்முடிவும் கூடுகிறது. குடியேறியவர்களின் குழுக்களிலேயே வேறு நாட்டுக் குடியேறிகளைப் பற்றி வசவுகள் சாதாரணமாகப் பகிரப்படுவதை வைத்துப் பார்த்தால், நாமும் விதிவிலக்கல்ல.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரையோ பல்கலைக்கழக ஆலோசகரையோ பாருங்கள். முதல் சந்திப்பிலேயே மூன்று கேளுங்கள்: எத்தனை அமர்வு கிடைக்கும், நான் சொல்வது துறைக்குப் போகுமா, அவகாசம் கேட்கக் கடிதம் தருவீர்களா. உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, சொன்னது பொதுவாக வெளியே போகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காமல் அவசர எண்ணை அழையுங்கள், யாரையாவது உடன் இருக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குச் சொல்வதா? நடந்ததை முழுதாகக் கேட்டு, ‘திரும்பி வந்துவிடு’ என்று உடனே சொல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் முதலில் சொல்லுங்கள். குடும்பக் குழுவில் போட்டால், நீங்கள் போலீசில் சொல்வதற்குள் செய்தி நாலு வடிவம் எடுத்திருக்கும்.

பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது

வசைபாடுபவரோடு மோத வேண்டாம். பாதிக்கப்பட்டவரிடம் தெரிந்தவர்போலப் பேச்சுக் கொடுங்கள்: ‘அடுத்த நிறுத்தம் எது?’ அதுவே பல நேரம் காற்றைப் பிடுங்கிவிடும். ஓட்டுநரையோ காவலரையோ அழையுங்கள். யாரோ ஏற்கெனவே உதவுகிறார்கள் என்றால் பதிவு செய்யுங்கள். ஆனால் அந்த வீடியோவைப் பாதிக்கப்பட்டவரிடம் கொடுங்கள், அவரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். அவர் முகம் லட்சம் பேர் கைபேசியில் சுற்றுவது இரண்டாவது அடி. எல்லாம் முடிந்தபின் இரண்டு நிமிடம் உடன் நடந்து போங்கள்.

புகாருக்குப் பிறகு

புகார் கொடுத்ததற்காக மதிப்பெண் குறைப்பு, வேலை நேரம் வெட்டு, குழுவிலிருந்து ஒதுக்கல் நடந்தால் அது பழிவாங்கல். பல நாடுகளில் அதுவே தனிப் புகாருக்கு உரியது. முதல் புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு அதையும் எழுதுங்கள். புகாரை முடித்துவிட்டோம் என்று பதில் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மறுஆய்வுக்கான கெடுவையும் கேளுங்கள். எல்லாக் குறிப்புகளையும் கடிதங்களையும் பல்கலைக்கழகக் கணக்குக்கு வெளியே, உங்கள் சொந்த மின்னஞ்சலில் ஒரு நகலாக வையுங்கள். படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு மூடப்படும். மேல்முறையீடு அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கலாம்.